கியர் இல்லாத உரிமம்

கடந்த ஜூலையில் ஒரு பிற்பகல், மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி துறை வாசலில் வந்து நின்றாள். கைபேசித் திரையில் ஓட்டுநர் உரிமத்துக்கான விண்ணப்பம் பாதி நிரம்பியிருந்தது.

“அம்மா, இதுல எதை டிக் பண்ணணும்?”

தமிழ்த் துறையில் எங்களை ‘மேடம்’ என்று யாரும் அழைப்பதில்லை. திரையை வாங்கிப் பார்த்தேன். கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. படிப்பு முடிந்ததும் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் கள அலுவலராகச் சேர அவளுக்கு வாய்ப்பு வந்திருந்தது. இரு சக்கர வாகன உரிமம் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“டிரைவிங் ஸ்கூல் அண்ணன், லேடீஸ்னா கியர் இல்லாததே போதும்னு சொன்னாரும்மா. ஆனா எங்க வீட்ல இருக்கிறது அண்ணனோட பைக்தான். ஸ்கூட்டி வாங்க இப்பக் காசு இல்ல.”

நான் சொன்ன பதில் ஒரு வரிதான்: “கியர் உள்ளதைப் போடு.” அவள் போட்டுவிட்டுப் போனாள். அந்தக் கட்டத்தை இதுவரை யார் யார் நமக்காக நிரப்பினார்கள் என்று யோசித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். என்னுடையதை நான் நிரப்பவில்லை. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். இன்று நடப்பில் உள்ளது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 10ஆம் பிரிவு, எந்தெந்த வகை வண்டிகளுக்கு உரிமம் வழங்கலாம் என்று பட்டியலிடுகிறது. முதல் வரி, கியர் இல்லாத மோட்டார் சைக்கிள். இரண்டாவது வரி, கியர் உள்ள மோட்டார் சைக்கிள். மூன்றாவது வரியில், ஊனமுற்றோர் ஓட்டும் வண்டியை ‘நோயாளி வண்டி’ என்கிற பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறித்திருந்தார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தச் சொல் நீக்கப்பட்டு, ‘தகவமைக்கப்பட்ட வண்டி’ என்று மாறியது. முப்பது ஆண்டுகள் ஆனாலும் சட்டத்தின் சொல் மாறும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

முதல் இரண்டு வரிகளில் ஆண், பெண் என்ற பேச்சே கிடையாது. ‘ஓட்டுநர்’ என்ற நம் சொல்லிலும் அது கிடையாது. சட்டம் பிரித்தது எந்திரத்தை மட்டுமே. ஆனால் நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வெளியே, மரத்தடி மேசையில் விண்ணப்பம் நிரப்பித் தருபவரிடம் கேட்டால், முதல் வரி பெண்களுக்கு, இரண்டாவது வரி ஆண்களுக்கு என்பார். யாரும் இயற்றாத இந்தச் சட்டம் எப்படி வந்தது?

என் பதினோராவது வயதிலிருந்து சொல்ல வேண்டும். எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம். 1991, 92 ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வந்தது. எழுத்துச் சொல்லிக்கொடுத்த கையோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். விவசாயக் கூலிகள், கல் குவாரிப் பெண்கள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், செயற்கைக் கல் பட்டை தீட்டுகிறவர்கள் என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1992இல் மகளிர் தினத்தை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். மாவட்டத்தில் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அவர் குறிப்பிடும் இன்னொரு செய்திதான் எனக்கு இங்கே முக்கியம். அன்று லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் உள்ள கம்பியில் ஒரு குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா?

இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் அம்மா அப்படித்தான் ஓட்டினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாடகைச் சைக்கிளின் கம்பியில் நான்கு வயதுத் தம்பியை உட்காரவைத்து, பின்னால் கேரியரில் என்னை ஏற்றிக்கொண்டு மாமா ஊர்வரை மிதித்திருக்கிறார். பெண்ணுக்கென்று செய்யப்பட்ட சைக்கிள் வரட்டும் என்று அவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. எது கிடைத்ததோ அதை ஓட்டினார்கள். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்கச் சாதித் தெருவுக்குள் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருந்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் கூலிப் பெண் ஒருத்தி சைக்கிளின் மேல் உட்கார்ந்து போவது என்பது, சீக்கிரமாகப் போய்ச் சேருவது பற்றிய செய்தி மட்டும் கிடையாது.

சைக்கிளில் இப்படியென்றால், மோட்டார் வண்டியில் என்ன நடந்தது?

ஸ்கூட்டர் என்றால் பெண்கள் வண்டி என்று இன்றைய மாணவிகள் நினைக்கிறார்கள். என் சிறுவயதில் ஸ்கூட்டர் அப்பாக்களின் வண்டி. லாம்பிரெட்டா, வெஸ்பா, 1972இல் வந்த பஜாஜ் சேத்தக் எல்லாமே கியர் வண்டிகள். இடது கைப்பிடியைத் திருகித்தான் கியர் மாற்ற வேண்டும். பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய வண்டி. அப்பா ஓட்டுவார், பையன் முன்னால் நிற்பான், அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து மடியில் கைக்குழந்தையை வைத்திருப்பார்.

அந்தப் பின் இருக்கைக்காரரைச் சட்டமும் நினைவில் வைத்திருந்தது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், அவருடைய உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது. நாம் ‘சாரி கார்டு’ என்கிறோமே, அதுதான். அந்தக் கம்பிவலை பல பெண்களின் உயிரைக் காத்திருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். சேலை இந்த விதிக்குள் வரும் இடம் பின் இருக்கை. முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவரின் சேலையைப் பற்றி விதி யோசிக்கவில்லை. தலைக்கவசத்திலும் இதே பார்வை இருந்தது. 2007இல் தமிழ்நாட்டில் அதைக் கட்டாயமாக்கியபோது, பின்னால் உட்காரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விலக்கு அளித்தார்கள். 2015 ஜூலை முதல் ஓட்டுபவரும் உடன் செல்பவரும் அணிய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டெல்லியில் 2014 வரை வண்டி ஓட்டும் பெண்களுக்கே தலைக்கவசம் கட்டாயமாக இல்லை. சலுகை என்ற பெயரில் பெண்களின் தலையை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டார்கள்.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் முல்லைத் திணை நினைவுக்கு வரும். வினை முடித்த தலைவன் தேர்ப்பாகனிடம் விரைந்து செலுத்தச் சொல்கிறான். தலைவி வீட்டில் காத்திருக்கிறாள். பாகனுக்குக்கூடப் பாட்டில் இடம் இருக்கிறது. அவளுக்குத் தேரின் மணியோசை மட்டும்தான். இதை வகுப்பில் நடத்தும்போது, “அவளே தேர ஓட்டிட்டுப் போயிருந்தா பாட்டே இருந்திருக்காதேம்மா” என்றாள் ஒரு மாணவி. வேறு பாட்டு இருந்திருக்கும் என்றேன்.

கியர் இல்லாத வண்டிகள் சிறிய மொபெட்டுகளாகத்தான் முதலில் வந்தன. 1972இல் லூனா. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50. இவை பெண்கள் வண்டியாக வரவில்லை. பால்காரர், காய்கறி வியாபாரி, வாத்தியார் என்று எல்லோரும் ஓட்டினார்கள். 50 சிசிக்கு மேற்படாத வண்டியைப் 16 வயதிலேயே ஓட்டலாம் என்று சட்டமும் சலுகை தந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் பழகுநர் உரிமம் பெறப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். 1980களின் நடுவில் வந்த கைனடிக் ஹோண்டா, க்ளட்சையும் கியரையும் கையிலிருந்து எடுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும், முறுக்கினால் ஓடும். 1990களின் நடுவில் ஸ்கூட்டி வந்தது. 2005இல் ஒரு நிறுவனம் ஆண்கள் மட்டும்தான் சந்தோஷமாக இருக்க வேண்டுமா என்ற பொருளில் விளம்பரம் செய்து ஸ்கூட்டர் விற்றது, பெண்களுக்கென்றே தனி விற்பனையகங்களும் திறந்தது. இப்படிப் பதினைந்து இருபது ஆண்டுகளில், எந்திரத்தின் ஒரு வகையாக இருந்த ‘கியர் இல்லாதது’ பெண்ணுக்கு உரியதாகக் கடைத்தெருவில் மாறிவிட்டது.

அந்த வண்டிகளைக் குறைத்துப் பேச மாட்டேன். லட்சக்கணக்கான பெண்களை அவை பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுவித்தன. என்னையும்தான். 2003இல் ஆய்வு மாணவியாக இருந்தபோது அப்பா எனக்கு ஸ்கூட்டி வாங்கித் தந்தார். உரிமம் எடுக்க ஒரு பயிற்சிப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, “பொம்பளப் புள்ளைக்கு இது போதும் சார்” என்று முதல் கட்டத்தில் டிக் அடித்தார். அப்பா தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். சங்க இலக்கியத்தில் பெண்ணின் வெளி பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த எனக்கு, அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

2018 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெண்கள் வண்டி வாங்கினால் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த மாதங்களில் போக்குவரத்து அலுவலகங்களில் எல்.எல்.ஆர். எடுக்கப் பெண்கள் வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். தையல் கடைப் பெண்கள், மளிகைக்கடைக் கணக்கர்கள், தூய்மைப் பணியாளர்கள். அரசு உரிமம் கேட்டது என்பதற்காகவே முதல்முறையாகத் தம் பெயரில் ஓர் அட்டை வாங்கியவர்கள் அவர்கள். அது சிறிய செய்தி இல்லை. ஆனால் திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று, வண்டி 125 சிசிக்கு மேற்படாததாகவும் கியர் இல்லாததாகவோ தானே கியர் மாறுவதாகவோ இருக்க வேண்டும் என்பது. கடைத்தெருவில் இருந்த எண்ணம் அரசின் விதியாகவும் எழுதப்பட்டது. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் சிக்கனமான கியர் பைக் தன் வேலைக்குப் பொருத்தம் என்று ஒரு பெண் நினைத்திருந்தால், மானியம் அவளுக்கு இல்லை.

அது எனக்கு உறைத்தது அடுத்த ஆண்டுதான். 2019 அக்டோபர் விடுமுறையில் அம்மாவுடன் ஊரில் இருந்தேன். என் ஸ்கூட்டர் நகரத்து வீட்டில் இருந்தது. இரவு எட்டரை மணிக்குக் கொல்லையில் விறகு எடுக்கப்போன அம்மாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆம்புலன்சுக்குச் சொன்னோம். எங்கள் ஊருக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். அரசு மருத்துவமனை 11 கிலோமீட்டர். வாசலில் தம்பியின் பைக் நின்றது. திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. பெட்ரோல் இருந்தது. சாவி என் கையில் இருந்தது. பதினாறு ஆண்டுகளாக உரிமம் வைத்திருப்பவள் நான். அந்த வண்டியை ஒரு அடி நகர்த்த எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். பதினேழு வயது. உரிமம் கிடையாது, எல்.எல்.ஆர்.கூடக் கிடையாது. அவன் ஓட்டினான். அம்மாவை நடுவில் வைத்து நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். சட்டப்படி பார்த்தால் அன்று நாங்கள் செய்தது எல்லாமே தவறு. விஷமுறிவு மருந்து நேரத்துக்குக் கிடைத்தது, அம்மா பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள், கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டார்:

“ஏன்டி, அத்தன படிச்சிருக்க. அந்த வண்டிய ஓட்ட உனக்குத் தெரியாதா? நானெல்லாம் ஜென்ட்ஸ் சைக்கிள்ல உன் தம்பிய பார்ல ஒக்கார வச்சு ஓட்டுனவ.”

குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஒருவரும் பள்ளி வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. அண்ணன் கொடுத்தான், மாமன் கொடுத்தான், பொட்டலில் நண்பர்கள் கொடுத்தார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

பிரிட்டனில் 1990 முதல், புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்ட வருபவர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநரிடம் அடிப்படைப் பயிற்சியை முடித்த பிறகே தனியாகச் சாலைக்கு வரலாம். அதற்குப் பின்னும் உரிமம் படிப்படியாகத்தான் கிடைக்கும். 17 வயதில் 125 சிசி வரை, 19 வயதில் நடுத்தரத் திறன், எல்லா வண்டிக்கும் 24 வயது, அல்லது நடுத்தர உரிமத்தில் இரண்டு ஆண்டு கழித்து 21 வயது. இங்கே, இரு சக்கர வண்டிக்கு உரிமம் கேட்பவர் ஏதேனும் ஒரு பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளில் பெரும்பாலும் கார்தான் சொல்லித் தருகிறார்கள். பைக்கை வீட்டில் பழக வேண்டும். வீட்டில் பைக் வைத்திருப்பவர் ஆண். அவர் கற்றுக்கொடுக்க விரும்பினால் உண்டு, விரும்பாவிட்டால் இல்லை. மகனுக்குத் தானாகவே கிடைக்கும் பாடம் மகளுக்கு அனுமதி கேட்டுக் கிடைக்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. பயிற்சியை வீட்டின் பொறுப்பில் விட்ட இடத்தில்தான், சட்டத்தில் இல்லாத ஆண் பெண் பிரிவு உள்ளே நுழைந்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில், அவருடைய பழைய 100 சிசி பைக்கில். எனக்கு அப்போது 42 வயது. நாற்பதைத் தாண்டியதால் விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றிதழும் கேட்டார்கள். ஏற்கெனவே உள்ள உரிமத்தில் இன்னொரு வகையைச் சேர்க்க வேண்டும் என்றால், அந்த வகைக்குத் திரும்பவும் எல்.எல்.ஆர்., திரும்பவும் கட்டணம், திரும்பவும் தேர்வு. 2003இல் இரண்டாவது கட்டத்திலும் ஒரு டிக் விழுந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

முதல் இரண்டு வாரம் அக்கா என்னை இன்ஜினை இயக்கவே விடவில்லை. வண்டியைத் தள்ளு, சென்டர் ஸ்டாண்ட் போடு, எடு, சாய்த்துப் பிடி, கீழே விழுந்தால் தூக்கு. எடைக்குப் பயந்துதான் பெண்கள் பைக்கைத் தொடுவதில்லை என்பார். தூக்குவதில் வலிமையைவிட முறைதான் முக்கியம். ஹேண்டிலைத் திருப்பிவைத்து, முதுகை வளைக்காமல், காலால் எழ வேண்டும். பிறகு க்ளட்ச். மெல்ல விடும்போது ஓர் இடத்தில் வண்டி லேசாக முன்னால் இழுக்கும். அந்த இடத்தைக் கை கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. அது வருவதற்குள் நாற்பது முறை வண்டி நின்றுபோயிருக்கும்.

ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய பெண்கள் பைக்குக்கு மாறும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். இடது கை லீவரைப் பிடித்தால் பின்சக்கரம் நிற்கும். பைக்கில் அதே இடத்தில் க்ளட்ச். பின்பிரேக் வலது காலில். பதற்றத்தில் பழக்கப்படி இடது கையை இறுக்கினால், வண்டி நிற்பதற்குப் பதில் இன்ஜினின் பிடியிலிருந்து விடுபட்டு அதன்போக்கில் ஓடும். எனக்கு மைதானத்தில் ஒருமுறை இது நடந்தது. நேராக வேலியில் போய் நின்றேன். இருபது ஆண்டுப் பழக்கத்தை ஓர் அவசர நொடியில் கை மறக்காது. அதனால்தான் இருபது வயதிலேயே இரண்டையும் பழகுங்கள் என்கிறேன்.

தேர்வில் எட்டுப் போட வேண்டும். காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பிரேக் இன்ஸ்பெக்டர் என் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். “இதுலயாம்மா?” என்றார். “இதுலதான் சார்” என்றேன். போட்டேன்.

இனி, என் மாணவிகளிடம் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உரிமம் எடுக்கும்போது உன் வீட்டில் எந்த வண்டி நிற்கிறது, நீ போகவிருக்கும் வேலையில் எந்த வண்டி தருவார்கள் என்று யோசி. கியர் உள்ளதற்கு உரிமம் இருந்தால் ஸ்கூட்டரையும் ஓட்டலாம். கியர் இல்லாததற்கு மட்டும் இருந்தால் பைக்கை ஓட்ட முடியாது. ஓட்டிப் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமமில்லாமல் ஓட்டியதற்கான அபராதம் 5,000 ரூபாய். விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். எந்த வகைக்கு விண்ணப்பிக்கிறாயோ அந்த வகை வண்டியில்தான் தேர்வு நடக்கும் என்பதால், பைக்குக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்.

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். முப்பத்தோராம் நாளே போக வேண்டும் என்பதில்லை. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து வேண்டும். கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தலைக்கவசத்தின் வாரை மாட்டு. கியர் போடும் முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் எல்லா கியரையும் முன்னால் மிதித்துப் போட வேண்டும், சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. புது வண்டியில் ஏறும்முன் கேட்டுக்கொள். எட்டுப் போட்டால் அட்டை கிடைக்கும், ஆனால் எட்டில் மேடு கிடையாது, மழை கிடையாது, எதிரே விளக்கை உயர்த்திக்கொண்டு வரும் லாரி கிடையாது. அவற்றையும் யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு பழகு. கற்றுக்கொண்டதும் இன்னொருத்திக்குக் கற்றுக்கொடு.

“இனி எல்லாம் மின்சார வண்டிதானே, கியருக்கு என்ன வேலை?” என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. அவற்றில் க்ளட்சும் இல்லை, கியரும் இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு உரிமமே தேவையில்லை. இன்னும் சில பத்தாண்டுகளில் சட்டத்தின் அந்த இரண்டு வரிகளுக்கு இடையிலான வித்தியாசம் அர்த்தமற்றதாகிப் போகலாம். ஆனால் பெண்ணுக்குக் குறைந்ததே போதும் என்ற பேச்சு வேறு ஏதாவது ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போதே, “பொண்ணுக்கு உரிமம் வேணாத வண்டியா பாருங்க” என்று கடையில் கேட்கிற அப்பாக்களைப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கு முதல் கட்டம்கூடக் கிடையாது.

திருவொற்றியூரில் 1950களின் நடுவிலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் தயாரித்தார்கள். நம் கண்ணெதிரே பிறந்த அந்த வண்டியை நம் பெண்கள் பெரும்பாலும் பின் இருக்கையிலிருந்துதான் அறிந்திருந்தார்கள். 2018 குடியரசு தின அணிவகுப்பில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பெண்கள் அணி 350 சிசி என்ஃபீல்டு வண்டிகளில் சாகசம் செய்தபடி டெல்லி ராஜபாதையில் வந்தது. நாடே கைதட்டியது. எனக்கும் பெருமைதான். ஆனால் சாகசம் செய்யாத பெண் ஒருத்தி, கள வேலைக்காக, அண்ணனின் பைக்கை எடுத்துக்கொண்டு போவதற்குக் கைதட்டலும் வேண்டாம், “இதுலயாம்மா?” என்ற கேள்வியும் வேண்டாம்.

அந்த மாணவி ஒரு வாரம் கழித்து வந்தாள். எல்.எல்.ஆர். கிடைத்துவிட்டதாம். அண்ணன் பைக்கைத் தருகிறானாம், கற்றுக்கொடுக்க மட்டும் நேரமில்லையாம்.

“ஞாயிற்றுக்கிழமை காலைல ஆறு மணிக்கு மைதானத்துக்கு எடுத்துட்டு வந்துரு” என்றேன்.

“எப்படிம்மா எடுத்துட்டு வர்றது? எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே.”

“தள்ளிக்கிட்டு வா. அதுதான் முதல் பாடம்.”